எட்டாம் நம்பர் ஜார்

போத்தனூரிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பியபோது மாத்திரைப் பை என் தோளில்தான் இருந்தது. யாரும் சுமக்கச் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டதுதான். பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் கம்பெனியில் பதினாலு வருஷம் குனிந்து உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். மணிக்கட்டு வலிக்கு எது, இடுப்பு வலிக்கு எது, எந்த மாத்திரை என்ன நிறம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கூட வேலை செய்யும் பெண்களில் யாருக்கு வலி வந்தாலும், "சரசக்காகிட்டக் கேளு" என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. இப்போது அதை நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

அந்த நடையில் இரண்டு பேருக்குச் சிறுநீரகம் நின்றுபோனது. ஒருத்தி நான், இன்னொருவர் என் ஓரகத்தி ருக்மணியக்கா. நான் பிழைத்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அக்கா இல்லை.

ருக்மணியக்கா என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு, நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். என்னைவிடப் பதினாலு வயது மூத்தவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கண்ணு என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு ஒரே மகள் கவிதா, கட்டிக்கொடுத்தது பெங்களூரில். ஆறு வருஷம் குழந்தையில்லாமல் இருந்து, அந்தத் தை மாதம் அவளுக்கு ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அந்த வேண்டுதலுக்குத்தான் அக்கா நடந்தார். துணைக்கு நான்.

கிணத்துக்கடவு தாண்டும்போதே அக்காவின் நடை மாறிவிட்டது.

"வலிக்குதுங்களாக்கா?" என்றேன்.

"மொழங்கால் ரெண்டும் கழண்டு போற மாதிரி இருக்குது கண்ணு."

பையிலிருந்து வலி மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். "இதப் போட்டுக்கங்க. அரை மணி நேரத்துல பாருங்க, நீங்க முன்னால போவீங்க, நாங்க பின்னால ஓடியாரோணும்."

அக்கா சிரித்தார். "பிரசர் மாத்திரை வேற காலைல போட்டிருக்கறனே. ரெண்டும் ஒண்ணாப் போட்டா ஒண்ணும் ஆகாதா?"

"ஒண்ணும் ஆகாதுங்கக்கா. பிரசர் மாத்திரைய மட்டும் எந்தக் காரணங்கொண்டும் உட்டுப்போடாதீங்க. அதுதான் முக்கியம்."

காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு என்று நடந்த நாலு நாளும் கொடுத்தேன். நானும் போட்டுக்கொண்டேன். விரதம் என்பதால் ஒரு வேளைச் சாப்பாடுதான். தண்ணீரும் அளந்துதான் குடித்தோம். ஆம்பளைகளுக்கு ரோட்டோரம் முழுக்க ஒதுங்கும் இடம்தான். பொம்பளைகளுக்கு எங்கே போவது? பொள்ளாச்சி தாண்டினால் தோப்பெல்லாம் கம்பி வேலி, ரோடு பூராவும் பாதயாத்திரைக் கூட்டம். அதனால் எங்கள் கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் வாயை நனைக்கிற அளவுக்குத்தான் குடித்தோம். "தண்ணியக் கொறச்சுக்கங்கக்கா, அப்பறம் எடந் தேடி அலையோணும்" என்று அதையும் நான்தான் சொன்னேன். அக்கா நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

பழனியில் சாமி கும்பிட்டு இறங்கும்போதே இருவருக்கும் குமட்டல். பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் காலையில் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் யாரோ போல வீங்கியிருந்தது. அக்காவுக்கு முந்தின நாள் மதியத்திலிருந்து சிறுநீரே போகவில்லை. சூடு பிடித்துவிட்டது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆனைமலையிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் ஒரு மூட்டை இளநீர் கொண்டுவந்து இறக்கினார். நான் இரண்டு குடித்தேன், அக்கா நாலு குடித்தார். அன்று சாயங்காலமே அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இருவரையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மிச்சமிருந்த இளநீரையும் காரில் ஏற்றியிருந்தார்கள். சிறுநீரக டாக்டரம்மா அதைப் பார்த்ததும் ஆளை விட்டு அப்படியே வெளியே தூக்கிப் போகச் சொன்னார். இளநீரில் பொட்டாசியம் என்று ஒரு உப்பு அதிகமாம். சிறுநீரகம் வேலை செய்தால் அது சிறுநீரில் போய்விடும். செய்யாவிட்டால் ரத்தத்திலேயே தங்கி, ஒரு அளவுக்கு மேல் ஏறினால் இதயத்தை நிறுத்திவிடும். பாசத்தோடு வெட்டிக் கொடுத்த இளநீருக்குள் இப்படி ஒரு சங்கதி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கிரியேட்டினின் என்ற வார்த்தையை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். உடம்பின் சதையிலிருந்து தினமும் வருகிற கழிவு அது. சிறுநீரகம் அதை வெளியே தள்ளாவிட்டால் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது எனக்கு நாலு, அக்காவுக்கு ஏழு. பெண்கள் வார்டில் எனக்கு ஏழாம் நம்பர் கட்டில், அக்காவுக்கு எட்டு. பாத்ரூம் அலமாரியில் சிவப்பு பெயிண்டில் நம்பர் எழுதிய பிளாஸ்டிக் ஜார்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொருவரும் அவரவர் ஜாரில் சிறுநீர் கழித்து வைக்க வேண்டும், சிஸ்டர் அளவு பார்த்து எழுதிக்கொள்வார். குழாய் சொருகினால் கிருமி ஏறும், நடக்க முடிகிறவர்கள் நடந்தே போகட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

டாக்டரம்மாவுக்கு அந்தியூர்ப் பக்கம். எதையும் மூடி மறைக்காமல் பேசுகிற ஆள்.

"என்னென்ன மாத்திரை போட்டீங்க?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு எக்ஸ்ரே கவரின் பின்னால் படம் போட்டார். சின்னதாக நூல்கண்டு மாதிரி ஒரு முடிச்சு, அதற்குள் வருகிற குழாய் ஒன்று, வெளியே போகிற குழாய் ஒன்று.

"ரத்தக்கொழாய்ன்னா வெறும் பைப்புன்னுதான நெனச்சுட்டு இருக்கறீங்க? பைப்புக்கு ஒண்ணும் தெரியாதுங்க, இதுக்குத் தெரியும். உள்பக்கம் மெல்லிசா ஒரு தோல் இருக்குது. ரத்தம் எவ்வளவு வேகத்துல ஓடுதுன்னு அது பாத்துட்டே இருக்கும். பாத்துட்டு, அதுவே சில ரசாயனத்தச் சுரக்கும். சிலது கொழாய விரிக்கும், சிலது சுருக்கும். அதுல ஒண்ணு வாயுவுங்க, நைட்ரிக் ஆக்சைடுன்னு பேரு. வந்த வேகத்துல கொழாயத் தளர்த்திப் போட்டு, சில நொடியில காணாமப் போயிரும். இதெல்லாம் தெரிஞ்சே கொஞ்ச வருசந்தான் ஆச்சு."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "எனக்கும் வயித்துல வாயு நெறைய உண்டுங்க டாக்டர்" என்றேன்.

அவரும் சிரித்துவிட்டார். பிறகு படத்தில் உள்ளே வருகிற குழாயைக் காட்டினார். "இந்த முடிச்சுதான் வடிகட்டி. இந்த மாதிரி லட்சக்கணக்குல இருக்குது. ஒடம்புல தண்ணி கொறஞ்சா, மூளைக்கும் இருதயத்துக்கும் ரத்தம் வேணும்னு மத்த எடத்துக் கொழாயெல்லாம் சுருங்கும். அப்ப கிட்னிக்குக் காப்பு ரெண்டு. இந்த உள்கொழாய் புரோஸ்டகிளாண்டின்னு ஒண்ணச் சுரந்து தன்னை விரிச்சு வெச்சுக்கும். ஆஞ்சியோடென்சின்னு இன்னொண்ணு வெளிக்கொழாய இறுக்கிப் புடிக்கும். வரத்து இருக்கும், போற பக்கம் கொஞ்சம் அணை போட்டாப்பல இருக்கும். அழுத்தம் நிக்கும், மூத்திரம் பிரியும்."

"செரிங்க."

"வலி மாத்திரை அந்த மொத ரசாயனத்த நிறுத்திப்போடும். மொழங்கால்ல வலிய உண்டாக்கறதும் அதே சாதிதான். மாத்திரைக்கு மொழங்கால் எது, கிட்னி எதுன்னு தெரியாதுங்க. உங்களுக்கு உள்கொழாய் சுருங்கிப்போச்சு. ஆனா அணை இருந்துச்சு. இவங்க பிரசருக்குப் போடறது எனலாப்ரில். அது ரெண்டாவது ரசாயனத்தை நிறுத்தற மாத்திரை. வரத்தும் போச்சு, அணையும் போச்சு."

"அப்ப பிரசர் மாத்திரை கெட்டதுங்களா?"

"நல்ல மாத்திரைங்க. தண்ணி குடிச்சுட்டு ஊட்ல இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

எந்தக் காரணம் கொண்டும் விட்டுப்போடாதீங்க என்று கிணத்துக்கடவில் நான் சொன்னது என் காதிலேயே கேட்டது. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவிடம், "அது பாவம், நல்லதுன்னுதானுங்க குடுத்துச்சு. வையாதீங்க" என்றார். யாரும் வையவில்லை. வைதிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டு மாத்திரைகளையும் நிறுத்திவிட்டுக் கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அப்புறம் காத்துக் கிடந்தோம். வார்டில் காத்திருப்பது என்றால் அந்த ஜாருக்காகத்தான். காலையில் கண் விழித்ததும் அக்கா கேட்பது, "உனக்கு எவ்வளவு கண்ணு?" என்பதுதான். மூன்றாம் நாள் எனக்குத் திறந்துகொண்டது. முதலில் இருநூறு மில்லி, மதியம் நானூறு. அக்கா அடுத்த கட்டிலில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அக்காவுக்கு நாள் முழுக்கச் சேர்த்தே ஐம்பது தாண்டவில்லை. அதுவும் கலங்கலாக, டீ டிகாஷன் நிறத்தில்.

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், பார்வை நேரம் முடிந்தும் போகமாட்டார். வாட்ச்மேனிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பார். நாலு பேர் முன்னால் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசியே நான் பார்த்திராத மனுஷன், கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, நடந்து நடந்து கொப்புளம் உடைந்த அக்காவின் பாதத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருப்பார். அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். "ஏனுங்க, உடுங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்பார். "பாக்கட்டும்" என்பார் மாமா. என் வீட்டுக்காரர் உப்பில்லாமல் ரசம் வைத்துத் தூக்குப்போசியில் கொண்டுவருவார். வாயில் வைக்க முடியாது. நாங்கள் இருவரும் கண்ணால் சிரித்துக்கொண்டு குடித்துவிடுவோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் டாக்டரம்மா வந்து, "நாளைக்குக் காலைல வரைக்கும் பாப்போம். மூத்திரம் வரலைன்னா டயாலிசிஸ் வெச்சரலாம்" என்றார். கிட்னி ரொம்ப நேரம் ரத்தமில்லாமல் கிடந்ததால் உள்ளே அடிபட்டிருக்கிறது, அது தேறி வரச் சில வாரம் ஆகும், அதுவரைக்கும் மிசின் அந்த வேலையைச் செய்யும், பிறகு எடுத்துவிடலாம் என்று விளக்கமாகத்தான் சொன்னார். எங்கள் மண்டையில் ஏறவில்லை. அக்காவின் தம்பி ஒருவரை முன்பு இப்படித்தான் மிசினில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் பிணமாகத்தான் கொண்டுவந்தார்கள்.

டாக்டரம்மா போனதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது. "மிசின்ல ஏத்துனா எறக்கமாட்டாங்க கண்ணு. கவிதா கொழந்தைய ஒரு தரம் பாத்துப்போட்டுப் போறேன். நீ எப்படியாச்சும் சொல்லி வேண்டாம்னு நிறுத்து."

நான் எப்படி நிறுத்துவேன்? சாமியைக் கும்பிட்டேன். விடிந்ததும் அக்காவைத் தாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன். அக்கா எட்டாம் நம்பர் ஜாரில் முக்கி முக்கிப் பார்த்தார். ஜாரின் அடி நனைந்தது, அவ்வளவுதான். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் ஏழாம் நம்பர் ஜார் பக்கத்தில் இருந்தது. நிறைந்திருந்தது.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது, யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. என் ஜாரிலிருந்து நானூறு மில்லி அளவுக்கு எட்டாம் நம்பரில் ஊற்றினேன். நிமிர்ந்தபோது அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சிஸ்டர் வந்து அளவு பார்த்துவிட்டு, "பாட்டிம்மா, நானூறு" என்று சந்தோஷமாகச் சொன்னார். அன்று டாக்டரம்மா வெளியூர் போயிருந்தார். ரவுண்ட்ஸ் வந்த சின்ன டாக்டர் சார்ட்டைப் பார்த்துவிட்டு, "நல்லா வருதே. டயாலிசிஸ் ஒரு நாள் தள்ளிப் பாக்கலாம்" என்றார். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாலு நாளுக்கு அப்புறம் வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்கிவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

அன்று இரண்டு தரம் ஊற்றினேன்.

மதியம் வரும்போது என் வீட்டுக்காரர் ஒன்று சொன்னார். கவிதா பெங்களூரில் பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம், ராத்திரி பஸ்ஸில் கிளம்பிவிடுவாளாம், அவள் மாமியார் தடுத்தும் கேட்கவில்லையாம். எனக்கு அன்று நடமாட அனுமதி உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு அவரோடு போனேன்.

"அம்மாவுக்கு எப்படி இருக்குது சித்தி? நெசத்தச் சொல்லுங்க" என்றாள் கவிதா.

"மூத்திரம் வந்துருச்சு கண்ணு. நானூறு மில்லி. மிசினெல்லாம் வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஏழு மாசத்த வெச்சுட்டு பஸ்ஸுல அலையாத. அம்மாவே ஊட்டுக்கு வந்து போன் பண்ணுவாங்க."

அவள் அந்தப் பக்கம் அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். பையைப் பிரித்துவிடுவதாகச் சொன்னாள்.

அடுத்த நாள் காலையில் டாக்டரம்மா கையில் ரிப்போர்ட்டோடு வேகமாக வந்தார். அக்காவின் கிரியேட்டினின் ஏழிலிருந்து பத்தைத் தாண்டியிருந்தது. பொட்டாசியம் ஏறியிருந்தது. இவ்வளவு சிறுநீர் போகிற உடம்பில் இது சாதாரணமாக இப்படி ஏறாது. நேராகப் பாத்ரூமுக்குப் போய் எட்டாம் நம்பர் ஜாரைத் தூக்கிப் பார்த்தார். தெளிந்த தண்ணீர் மாதிரி இருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"இது யாருதுங்க?"

"என்னுதுங்க" என்றேன்.

அவர் கத்தவில்லை. கண்ணை மூடித் திறந்தார், அவ்வளவுதான். "மிசினுக்கு ரெடி பண்ணுங்க" என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அக்கா என்னைக் கிட்டே வரச்சொன்னார். நாக்குக் குழறிற்று. "நீ ஊத்துனத யாருகிட்டயும் சொல்லாத கண்ணு. அவருகிட்டக்கூடச் சொல்லாத. உன்னைப் பேசுவாங்க." அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. கழுத்தில் குழாய் போட்டு மிசினில் இணைத்த அரை மணி நேரத்தில் இதயம் தடுமாறி நின்றது. நெஞ்சை அமுக்கி, கரண்டு கொடுத்து, திரும்ப ஓடவைத்தார்கள். ஆனால் அக்கா கண் விழிக்கவில்லை. மூச்சுக்கும் ஒரு மிசின் வைத்தார்கள். தகவல் போய், கவிதா வாடகைக் கார் பிடித்து அன்று ராத்திரியே வந்தாள். அம்மா, அம்மா என்று மூன்று நாள் கூப்பிட்டாள். நாலாம் நாள் எல்லாம் முடிந்தது. எனக்கு அன்று கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஒன்று. சுத்தமாகக் குணமாகிவிட்டது என்று டிஸ்சார்ஜ் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

போகும் முன்னால் டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்தேன். "ஒரு நா முன்னாடி மிசின் வெச்சிருந்தா பொழச்சிருப்பாங்களாங்க?" என்று கேட்டேன்.

"பொழச்சிருக்கலாம். பொழைக்காமயும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்ச மாதிரி சொன்னா அது பொய்." அப்புறம், "ஊருக்குப் போயி எல்லாத்துகிட்டயும் வலி மாத்திரையப் பத்திச் சொல்லுங்க. நடக்கறவங்களத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். தை மாதம் வந்தால் எங்கள் பக்கத்துப் பாதயாத்திரைக் கூட்டம் ஒவ்வொன்றிடமும் போய்ச் சொல்கிறேன். பிரசர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்பும் முன்னால் டாக்டரைக் கேளுங்கள், வலி மாத்திரையைத் தொடாதீர்கள், பொம்பளைகள் ஒதுங்குவதற்கு வழியிலுள்ள வீடுகளில் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுப் போங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன். எங்கள் காம்பவுண்டில் வலி மாத்திரை ஒன்றுகூட இல்லை. மோட்டார் கம்பெனியில் இப்போது யாரும் மாத்திரைக்கு என்னிடம் வருவதில்லை.

ஆனால் ஜார் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. டாக்டரம்மாவும் வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அக்கா சொல்லாதே என்றார் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வருஷா வருஷம் அம்மா திதிக்கு வருவாள். சாப்பிட்டு முடித்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கு ஒரு நாளாச்சும் அம்மாவுக்கு நல்லா இருந்துச்சுல்ல சித்தி? மூத்திரம் வந்துருச்சுன்னு நீங்க போன் பண்ணுனீங்களே" என்பாள். "ஆமா கண்ணு" என்பேன். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டுதான் அவள் மனதைத் தேற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

இந்த வருஷம் அப்படியில்லை. அவள் தன் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "அம்மாவுக்கு நல்லாகி வர்ற நேரத்துல டாக்டருங்க என்னமோ தப்புப் பண்ணிட்டாங்க சித்தி. இல்லைன்னா எப்படி ஒரே நாளுல அப்படி ஆகும்? நான் அவங்கள மன்னிக்கவே மாட்டேன்" என்றாள்.

அந்த டாக்டரம்மாவின் முகம் வந்து நின்றது.

"டாக்டர் தப்புப் பண்ணல கண்ணு. அம்மாவுக்கு மூத்திரம் வரவே இல்ல. மிசினுக்குப் பயந்துட்டு இருந்தாங்கன்னு நான்தான் என்னோடத அம்மா ஜார்ல ஊத்துனேன்."

அவள் கையில் சோற்று உருண்டை அப்படியே நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"நீங்க போன் பண்ணுனப்ப அம்மாவுக்கு நெனவு இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு."

"பேசுனாங்களா?"

"நல்லாப் பேசுனாங்க."

"அப்ப நான் அன்னிக்கு ராத்திரி கெளம்பியிருந்தா?"

"காலைல வந்திருப்ப கண்ணு. பேசியிருக்கலாம்."